பிந்தி வந்த வாசகன்

ஐம்பது வயதுக்கு மேல்தான் நான் கல்கியின் சரித்திர நாவல்களை முதன்முதலாகப் படித்தேன் என்று சொன்னால் செங்கற்பட்டில் என் சிநேகிதர்கள் ஒருவரும் நம்புவதில்லை. நாவல் எழுதுகிற ஆசாமி, அதிலும் தமிழில் எழுதுகிறவன், பன்னிரண்டு வயதில் ஊஞ்சலில் குப்புறப் படுத்துக்கொண்டு ‘பார்த்திபன் கன’வைப் படிக்காமல் எப்படி வளர்ந்திருக்க முடியும் என்று கேட்கிறார்கள். காரணம் ரொம்பச் சாதாரணமானது. நான் வளர்ந்தது நாகபுரியில்.

அங்கே தமிழ்ப் புத்தகம் எங்களுக்கு இறக்குமதிச் சரக்கு. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிற சித்தியோ அத்தையோ, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் அப்பளம், வடாம், நார்த்தங்காய் இவற்றோடு ஒரு பைண்டுப் புத்தகத்தையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவாள். வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, அட்டை போட்டுத் தைத்த புத்தகம். முதல் பாகம் வந்தால் இரண்டாம் பாகம் வராது. மூன்றாம் பாகம் வந்து சேருகிற வருஷம், முதல் பாகத்தை இரவல் வாங்கிப் போனவர் ராய்ப்பூருக்கு மாற்றலாகிப் போயிருப்பார். தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் கதை படிப்பதில்லை என்று நான் அந்த வயதிலேயே ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டேன். ஆகவே ரெயில்வே இன்ஸ்டிட்யூட் லைப்ரரியில் கிடைத்த டூமாவையும் ஸ்காட்டையும் இங்கிலீஷில் படித்தேன். காண்டேகரை மராத்தியிலேயே படித்தேன். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் கா. ஸ்ரீ. ஸ்ரீ.யின் தமிழில் காண்டேகரைப் படித்து உருகியதெல்லாம் எனக்குப் பிற்பாடு கேள்விப்பட்ட செய்திதான்.

ஆக, மற்றவர்கள் கல்கியில் தொடங்கி டூமாவுக்குப் போனார்கள்; நான் டூமாவில் தொடங்கிக் கல்கிக்கு வந்தேன். இந்தத் தலைகீழ் வழியில் வந்தவனுக்குச் சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. பத்திரிகையில் வாரா வாரம் வெளியாகும் சரித்திர நாவல் என்பதே கப்பலில் வந்த உருவம். டூமாவின் ‘திரீ மஸ்கடியர்ஸ்’ 1844-ல் பாரிஸ் பத்திரிகையில் தொடராக வந்தது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1944-ல், ‘சிவகாமியின் சபதம்’ சென்னைப் பத்திரிகையில் தொடராக ஆரம்பமாயிற்று. அரசனுக்கு அச்சாக ஒரு இரட்டைச் சகோதரன் என்ற கதைச் சரக்கு டூமாவின் துப்பாக்கி வீரர் வரிசையின் கடைசிப் பாகத்தில் உண்டு. இரும்பு முகமூடிக்காரன் என்று பெயர். கல்கியிலும் உண்டு, வாதாபிச் சக்கரவர்த்தி புலிகேசிக்கு நாகநந்தி என்ற புத்த பிக்ஷு. இதைச் சொன்னவுடன் சிலருக்கு முகம் சுருங்குகிறது. ‘காப்பி அடித்தார் என்கிறீர்களா, ஸார்?’ என்று ஒரு நண்பர் கேட்டார். அப்படி இல்லை. டூமாவின் இரட்டையன் பரிதாபத்துக்குரிய ஒரு கைதி. அவனைப் பிறர் தூக்கி வைக்கிறார்கள், பிறர் இறக்கி விடுகிறார்கள். கல்கியின் இரட்டையனோ ரசிகன். அஜந்தா ஓவியத்தில் மனதைப் பறிகொடுத்த துறவி, ஒரு சிற்பியின் பெண் ஆடுவதைப் பார்த்துக் கலையை நேசிக்க ஆரம்பித்து, கலைக்கும் பெண்ணுக்கும் நடுவிலுள்ள கோடு எங்கே என்று தெரியாமல் நாசமாய்ப் போகிறான். கல்கியின் எல்லா வில்லன்களிலும் எனக்கு இவன் ஒருவனிடம்தான் பயம் வந்தது. உருவம் இறக்குமதியானால் என்ன? உள்ளே இருப்பவன் நம் சங்கீத சபையில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கக் கூடியவன்!

இறக்குமதி என்று பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். மகேந்திர பல்லவன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சியில் நடக்கும் கதை. ஆனால் அதன் சுவடி நமக்குக் கிடைத்தது காஞ்சியிலிருந்து அல்ல. கேரளத்தில் கூடியாட்டக் கலைஞர்கள் அதை ஆடிப் பாதுகாத்து வந்தார்கள். திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி 1917-ல் அதை அச்சிட்டார். காஞ்சி அரசனின் நாடகம் மலையாளத்திலிருந்து காஞ்சிக்கு இறக்குமதியாயிற்று! அதில் குடிகாரக் காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டுப் புத்த பிக்ஷு ஒருவர்மேல் திருட்டுப் பழி போடுகிறான். கடைசியில் பார்த்தால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. இப்போது கல்கியின் இரண்டு பல்லவ நாவல்களின் வில்லன்களையும் நினைத்துப் பாருங்கள். ‘பார்த்திபன் கன’வில் ஒரு காபாலிகன், ‘சிவகாமியின் சபத’த்தில் ஒரு புத்த பிக்ஷு. மகேந்திரன் எந்த இருவரைப் பார்த்துச் சிரித்தானோ, அதே இருவரைத்தான் பதின்மூன்று நூற்றாண்டு கழித்து நம்மவர் பயங்கரமாக்கியிருக்கிறார். சிரிப்பு பயமாக மாறினதில் நமக்கு லாபமா நஷ்டமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. நஷ்டம் என்றே தோன்றுகிறது. கல்கியைப் போல் ஹாஸ்யம் எழுதத் தெரிந்தவர், சரித்திரத்துக்குள் நுழைந்ததும் மதத் துறவிகள் விஷயத்தில் மட்டும் அந்தப் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இனி, பிந்தி வந்தவனின் பெரிய சங்கடத்துக்கு வருகிறேன். அவன் வந்து சேருவதற்குள் ஊரே முடிவைச் சொல்லிவிட்டிருக்கும். மாமல்லர் சிவகாமியைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பது எனக்குப் புத்தகத்தைத் தொடுவதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பே தெரியும். சிவனடியார் யார் என்பதும் தெரியும். 1960-ல் வந்த சினிமாவைப் பார்த்தவர்கள் அதை ஒரு ரகசியமாகவே மதிக்கவில்லை. (இந்தக் கட்டுரையிலும் முடிவுகள் எல்லாம் சந்திக்கு வரப் போகின்றன. இன்னும் படிக்காத புண்ணியசாலிகள் இத்துடன் நிறுத்திக்கொண்டால் எனக்கு வருத்தமில்லை.)

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, கல்லூரியில் படிக்கிறவள், 2022 செப்டம்பரில் ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு வந்து, ‘தாத்தா, அடுத்தது என்ன ஆகும்னு மட்டும் சொல்லிடாதீங்க!’ என்று கையெடுத்துக் கும்பிட்டாள். இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலில் வந்தது. அதற்குள் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஐந்து பாகங்களையும் என்னிடமிருந்தே வாங்கிப் போய்ப் படித்துத் தீர்த்துவிட்டாள். படத்தைப் பார்த்துவிட்டு வந்தபோதுதான் வேடிக்கை. ‘சேந்தன் அமுதன்தான் நிஜமான மதுராந்தகன், அது எங்கே தாத்தா? அருள்மொழிவர்மர் அவர் தலையில் கிரீடம் வைக்கிற இடத்துக்காகத்தானே நான் போனேன்!’ என்று சண்டைக்கு வந்தாள். முடிவு தெரிந்துவிடுமோ என்று பயந்தவளுக்கு, தெரிந்த முடிவு வராமல் போனது பெரிய துரோகமாகிவிட்டது. இந்த மாறுதல் ஆறு மாதத்தில் நடந்திருக்கிறது, கவனியுங்கள்.

நம் ஜில்லாவில் முடிவைச் சொல்லிவிடுவதை ஒரு குற்றமாக யாரும் எண்ணியதில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கிறதே, அதன் முறை என்ன? பிற்பகலில் பாரதப் பிரசங்கி உட்கார்ந்து கதையை விஸ்தாரமாகச் சொல்லிவிடுவார். அன்றிரவு தெருக்கூத்தில் அதே கதையை ஆடுவார்கள். சாயங்காலம் நாலு மணிக்குச் செத்தவனை விடியற்காலை நாலு மணிக்கு மறுபடியும் சாகடிப்பார்கள். ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பார்கள். அர்ச்சுனன் தபசு அன்று ஊர்வெளியில் உயரமான மரம் நட்டிருக்கும். அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுவார். பாசுபதம் கிடைக்கும் என்பது கீழே நிற்கிற பாலகனுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் அவர் உச்சிக்குப் போய் எலுமிச்சம்பழத்தை எறிகிறபோது பெண்கள் மடியை ஏந்திக்கொண்டு முண்டியடிக்கிறார்கள். பதினெட்டாம் போரில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். அவன் விழுவானா மாட்டானா என்று எவனாவது சந்தேகப்பட்டு வந்திருப்பானா? விழுவதைப் பார்க்கத்தான் வருகிறான்.

இதே அர்ச்சுனன் தபசைத்தான் மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் செதுக்கியிருக்கிறது என்று ஒரு கட்சி. இல்லை, பகீரதன் தபசு என்று இன்னொரு கட்சி. எந்தக் கதை என்றே தீர்மானமாகாமல் நூறு வருஷமாகச் சண்டை நடக்கிறது. பாறையின் அழகு அதனால் ஒரு வீசை குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால், முடிவு தெரிந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. கெட்டுப்போகிற புத்தகமும் உண்டு; கெடாத புத்தகமும் உண்டு. கல்கியின் இரண்டு பல்லவ நாவல்களுமே அதற்கு அத்தாட்சி.

‘பார்த்திபன் கனவு’, ‘கல்கி’ பத்திரிகை பிறந்த 1941-லேயே தொடங்கியது. வாதாபிப் போரெல்லாம் முடிந்து நரசிம்ம பல்லவர் நிம்மதியாக அரசாளுகிற காலத்துக் கதை அது. அவருக்குக் குந்தவி என்று வயது வந்த பெண் இருக்கிறாள். ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை வந்தது. அதில் அதே நரசிம்மர் மீசை அரும்பிய இளவரசர். அதாவது, பின்கதை முன்னால் வந்தது. முன்கதை பின்னால் வந்தது. இன்றைக்குப் புத்தகக் கடையில் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறவர், ‘சிவகாமியை முதலில் படியுங்க ஸார், அப்போதான் வரிசையாகப் புரியும்’ என்று உபதேசமும் செய்து கொடுக்கிறார். ராஜ வம்சத்தின் வரிசை அதுதான். வாசகனுக்கு அது சரியான வரிசை அல்ல என்பது என் கட்சி.

ஏன் என்று சொல்கிறேன். ‘பார்த்திபன் கன’வின் கைமுதல் ஒரே ஒரு ரகசியம். வெண்ணாற்றங்கரைப் போர்க்களத்தில் சாகக் கிடக்கிற பார்த்திப மகாராஜாவுக்கு வாக்குக் கொடுக்கிற சிவனடியார் யார்? அவரே பல்லவ சக்கரவர்த்தி என்பதைக் கடைசி வரையில் மூடி வைத்துத்தான் கல்கி கதையை ஓட்டுகிறார். இப்போது ஒருவன் ‘சிவகாமியின் சபத’த்தை முதலில் படித்துவிட்டு வருகிறான் என்று வையுங்கள். அதில் மகேந்திரர் வஜ்ரபாகு என்று வேஷம் போட்டுக்கொண்டு எதிரி முகாமுக்குள்ளேயே போய் வருவதைப் பார்த்திருக்கிறான். பல்லவ ராஜாக்களுக்கு மாறுவேஷம் பரம்பரைச் சொத்து என்பது அவனுக்குத் தெரிந்துபோயிற்று. ஜடாமுடியோடு சிவனடியார் உள்ளே நுழைந்ததுமே, ‘வாருங்கள், சக்கரவர்த்தி!’ என்று எழுந்து நின்றுவிடுவான். கைமுதல் போயிற்று. அப்புறம் அந்த நாவலில் மிஞ்சுவது பொன்னனும் வள்ளியும் பேசுகிற பேச்சின் ருசியும், ஒரு ஏழைச் சோழனின் சுதந்திர தாகமும்தான். அது அற்பமல்ல. ஆனாலும் நூல் கொஞ்சம் இளைத்துப் போகிறது. இரண்டாம் தடவை படித்தால் இன்னும் இளைக்கிறது.

இதை மாற்றிப் படித்துப் பாருங்கள். ‘பார்த்திபன் கன’வை முடித்துவிட்டு வருகிறவனுக்கு, வாதாபி அழியும் என்று தெரியும், மாமல்லர் பிழைப்பார் என்று தெரியும், அவருக்கு ஒரு ராஜகுமாரி பிறப்பாள் என்று தெரியும், சிவகாமி என்ற ராணி காஞ்சி அரண்மனையில் இருக்க மாட்டாள் என்பதும் தெரியும். 1944-ல் முதல் அத்தியாயத்தைப் படித்த சந்தாதாரர்கள் எல்லோரும் இந்த நிலைமையில்தான் இருந்தார்கள். தாமரைக் குளக்கரையில் அந்த இரண்டு பேரும் பேசுகிற ஒவ்வொரு ஆசை வார்த்தையும் வாசகன் காதில் வேறு மாதிரி விழுகிறது. ‘அடி அசடே, இது நடக்காது’ என்று அவனுக்குச் சொல்லத் தோன்றுகிறது, சொல்ல முடியவில்லை. சிவகாமி வாதாபியில் ஒன்பது வருஷம் காத்திருக்கிறாள். நகரம் எரிந்து, மாமல்லர் வந்து அழைத்துப் போனால்தான் வருவேன் என்பது சபதம். நகரம் எரிகிறது. மாமல்லர் வருகிறார். சபதம் ஜயிக்கிறது, சபதம் செய்தவள் தோற்றுப் போகிறாள். காஞ்சிக்குத் திரும்பி வந்த பிறகு, பாண்டிய ராஜகுமாரியான பட்டமகிஷியும் இரண்டு குழந்தைகளும் அவர் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கிறாள். ஏகாம்பரநாதரையே நாயகனாக வரித்துக்கொண்டு ஆடுகிற அந்தக் கடைசிக் காட்சி, முடிவு தெரியாதவனுக்கு ஒரு திடுக்கிடல். தெரிந்தவனுக்கோ நாலு பாகமாகத் துரத்திக்கொண்டு வந்த ஒன்று கடைசியில் பிடித்துக்கொண்டது போல இருக்கிறது. பிந்தி வந்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். முதல் தடவையே இரண்டாம் தடவையாகப் படித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்கி இளகின மனசுக்காரர். தம் பாத்திரங்களைக் கடைசியில் மாலையும் கழுத்துமாக நிறுத்திப் பார்ப்பதில் அவருக்கு ஒரு குழந்தைச் சந்தோஷம் உண்டு. வாரா வாரம், ‘சிவகாமிக்குக் கல்யாணம் செய்து வையுங்கள்’ என்று வாசகர் கடிதம் வந்திருந்தால் அவர் இளகியிருக்கக் கூடியவர்தான். டிக்கன்ஸ் இளகினார். 1861-ல் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலுக்கு முதலில் எழுதிய சோக முடிவை, புல்வர் லிட்டன் என்ற நண்பர் சொன்னதன்பேரில் மாற்றிவிட்டார். கல்கியால் மாற்ற முடியாது. தாமே முன்னால் எழுதி அச்சாகி ஊரெல்லாம் படித்துவிட்ட ஒரு புத்தகம் அவர் கையைக் கட்டிவிட்டது. கட்டின கையால் எழுதியதனால்தான் ‘சிவகாமியின் சபதம்’ அவருடைய நாவல்களில் உயர்ந்தது என்பது என் அபிப்பிராயம். ‘பொன்னியின் செல்வ’னில் கை தாராளமாக அவிழ்ந்திருந்தது, 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை, மூன்றரை வருஷம், ஓடைக்கு ஓடை கிளை பிரிந்து ஓடிற்று. அதன் இன்பமே வேறு. வந்தியத்தேவனோடு குதிரையில் போவதற்கு நான் எப்போதும் தயார். ஆனால் அது என்னைத் தூங்கவிடாமல் அடித்த புத்தகம் அல்ல.

மாமல்லபுரத்துக் கடற்கரையில் ரஸிகமணி டி. கே. சி. முதலிய சிநேகிதர்களோடு உட்கார்ந்திருந்தபோதுதான் சிவகாமியின் கதை தம் மனதில் உதித்தது என்று கல்கி முன்னுரையில் சொல்லியிருக்கிறார். அந்தக் கடற்கரைக்குச் செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் போகிறது. நான் மாதம் ஒரு தடவையாவது போகிறவன். ஒரு நாள் பெரிய குடும்பம் ஒன்று, தாத்தா பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை, வழிகாட்டி ஒருவரைச் சூழ்ந்துகொண்டு, ‘சிவகாமி ஆடின இடம் எதுங்க?’ என்று கேட்டதை என் காதால் கேட்டேன். அவர் ஒரு வினாடியும் தயங்காமல் ஒரு பாறையைக் காட்டினார்! எல்லோரும் அதன்மேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சிவகாமி கல்கி படைத்த பெண் என்று நான் குறுக்கே புகுந்து சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை.

சரித்திரம் நாவலின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்று நாவலாசிரியர்கள் குறைப்படுவது உண்டு. 642-ல் வாதாபி வீழ்ந்தது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிவிடும். ஆனால் நம் ஊரில் நடந்திருப்பது இதற்கு நேர் எதிர். நாவல் முந்திக்கொண்டு சரித்திரத்தைச் சொல்லிவிட்டது. ரதங்களும் மண்டபங்களும் மகேந்திரரும் மாமல்லரும் கண்ட கனவு என்பது தமிழ் வாசகனின் ரத்தத்தில் ஊறிவிட்டது. 1962-ல் இரா. நாகசாமி, அவை அனைத்துமே மாமல்லருடைய கொள்ளுப்பேரனான ராஜசிம்மன் காலத்தவை என்று வாதித்தார். எல்லா அறிஞர்களும் ஒப்பவில்லை. இன்றும் இரண்டு கட்சி இருக்கிறது. ஒருவேளை நாகசாமி சொன்னதே சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயனச் சிற்பி உளியை வைத்த பாறையில் அந்தக் காலத்தில் கடற்காக்கைதான் உட்கார்ந்திருக்கும். அதனால் நாவல் விழுந்துவிடுமா? கதைக்காகப் படித்தவனுக்கு விழாது. சரித்திரப் பாடமாகப் படித்தவனுக்கு விழும். நாம் பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் படித்து வந்திருக்கிறோம் என்பதுதான் என் கவலை. செங்கற்பட்டுக்குப் பக்கத்திலேயே வல்லத்தில் ஒரு சின்னக் குடைவரைக் கோயில் இருக்கிறது. மகேந்திரனுக்கு அடங்கிய வசந்தப்பிரியராசன் என்பவனுடைய மகன் கந்தசேனன் செய்வித்தது என்று கல்வெட்டே சொல்கிறது. சந்தேகமில்லாத மகேந்திரன் காலத்து வேலை. நான் போன நாட்களில் அர்ச்சகரைத் தவிர ஒரு பிராணியைப் பார்த்ததில்லை. கந்தசேனனுக்கு ஒரு நாவலாசிரியர் கிடைக்கவில்லை, பாவம்.

தொடர்ச்சி நாவல்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு உற்சாகமில்லை. ‘பொன்னியின் செல்வன்’ முடிந்ததும், ‘பிறகு என்ன ஆயிற்று?’ என்று கடிதங்கள் குவிந்து, கல்கியே ஒரு முடிவுரை எழுதிப் பலருடைய கதியைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வருஷமே டிசம்பரில் அவர் காலமானார். பின்னர் ‘அமுதசுரபி’ ஆசிரியர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று அதன் தொடர்ச்சியை எழுதினார். சரித்திரம் தெரிந்தவர், மரியாதையோடு எழுதியிருக்கிறார். இருந்தும் வந்தியத்தேவன் வாயைத் திறந்தால், நமக்குத் தெரிந்த பையன் வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வந்தது போல இருக்கிறது. சரித்திரம் அவனைப் பற்றிச் சொல்வது ரொம்பக் கொஞ்சம். குந்தவைப் பிராட்டியாரின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று தஞ்சைக் கோயில் கல்வெட்டில் ஒரு வரி. அந்த ஒரு வரியிலிருந்து கல்கி தூக்கி எடுத்தவனை இன்னொருவர் எப்படித் தொடருவது? அகிலன் இந்த வம்புக்கே போகவில்லை. ராஜேந்திர சோழனைத் தாமாகவே எடுத்துக்கொண்டு ‘வேங்கையின் மைந்தன்’ எழுதினார். 1963-ல் சாகித்ய அகாதமி பரிசும் வாங்கினார். சட்டையும் அவருடையது, ஆளும் அவருடையது.

மறுபதிப்பு விஷயத்தில் எனக்குச் சொந்த ஆத்திரம் ஒன்று உண்டு. ‘கல்கி’ பத்திரிகை ‘பொன்னியின் செல்வ’னைத் திரும்பத் திரும்பத் தொடராக வெளியிட்டு வந்தது. முதல் தடவை மணியம் படம் போட்டார். பிற்பாடு வினு, பத்மவாசன் என்று தலைமுறைக்குத் தலைமுறை கை மாறிற்று. எங்கள் வீட்டில் சித்திக்குக் குந்தவை என்றால் மணியத்தின் குந்தவை. என் தங்கைக்கு வினுவின் குந்தவை. இரண்டு பேரும் கொண்டையைப் பற்றிச் சண்டை போடுவார்கள். அச்சுப் பத்திரிகை 2020-ல் நின்றது. கல்கியின் நூல்கள் 1999-ல் நாட்டுடைமை ஆயின. அன்றிலிருந்து மை இருக்கிற அச்சகமெல்லாம் அவரை வெளியிடலாம். நல்ல காரியம்தான், மலிவு விலையில் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. ஆனால் நான் முதலில் வாங்கின மலிவுப் பதிப்பு ஒன்றில், சிவகாமி சபதம் செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் பதினாறு பக்கம், ஒரு முழுப் பாரம், காணோம்! அதற்குப் பதிலாக அதற்கு முந்தின பாரத்தையே இரண்டு தடவை வைத்துத் தைத்திருந்தார்கள். கடையில் கொண்டுபோய்க் காட்டினால், ‘கதைதான் உங்களுக்குத் தெரியுமே ஸார்’ என்றார் கடைக்காரர். அவருக்குக் கூத்துக்காரரின் தத்துவம் தெரிந்திருக்கிறது; என்னால்தான் ரசிக்க முடியவில்லை.

காணாமல் போன பாரத்தையாவது மன்னிக்கலாம். சுருக்கப் பதிப்புகளை என்னால் மன்னிக்க முடியவில்லை. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நேரமில்லை’ என்று சொல்லி ஒரு புண்ணியவான் சுருக்கியிருந்த ‘சிவகாமியின் சபத’த்தைப் புரட்டினேன். வாதாபியில் அவள் காத்திருந்த ஒன்பது வருஷம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. கதையில் நடப்பவை எல்லாம் ஒன்று விடாமல் இருக்கின்றன. நடக்காமல் கழிகிற காலம் மட்டும் இல்லை. அந்தக் காலம்தானே நாவல்? தொடர்கதையின் ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் ஒரு அலறலோ, திரைக்குப் பின்னால் ஒரு கரமோ வருகிறதே, புத்தகமாகச் சேர்ந்தாற்போல் படிக்கிறவனுக்கு அது அலுப்புத் தட்டும் என்பது வாஸ்தவம், எனக்கும் தட்டிற்று. அப்படியும் அதை வெட்டாதீர்கள் என்பேன். 1944-ல் யுத்தக் காகிதப் பஞ்சத்தில் மெலிந்த பத்திரிகை, அடுத்த வாரம் வரையில் ஒரு குடும்பத்தைப் பேச வைத்த அடையாளம் அது. கிருஷ்ண மண்டபத்தில் கோவர்த்தனச் சிற்பம் பல்லவர் செதுக்கினபோது வெட்டவெளியில் இருந்தது. விஜயநகர காலத்தார் அதற்கு முன்னால் தூண் நட்டு மண்டபம் கட்டினார்கள். வெளிச்சம் குறைந்தது உண்மை. ஆனாலும் சிற்பத்தில் அவர்கள் கை வைக்கவில்லை. சுருக்குகிறவர்கள் திருக்கழுக்குன்றம் பஸ்ஸைப் பிடித்து ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அப்படிப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். பெரிய தபசுப் பாறைக்குத் தெற்கே, அதே குன்றின் வேறொரு பக்கத்தில், அதே தபசுக் காட்சியை இரண்டாம் தடவையும் செதுக்கத் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறார்கள். முதலாவது ஒத்திகையா, இரண்டாவது மறுபதிப்பா, எது முன்னால் எது பின்னால் என்று பாறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. கூட்டம் முழுவதும் பெரிய பாறைக்கு முன்னால்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போன மாதம் அழைத்துப் போய் இரண்டையும் காட்டினேன். முடிக்காத பாறைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். திரும்பி வருகிறபோது பஸ்ஸில், ‘பார்த்திபன் கனவும் சிவகாமியின் சபதமும் உங்ககிட்ட இருக்கா தாத்தா? எதை முதல்ல படிக்கணும்?’ என்று கேட்டாள். பார்த்திபனை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சிவகாமியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.